அறுபத்துமூன்று பாரீஸ்காரர்கள்

கலாமணி சிறு வயதில் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வசித்து வந்தாள். அந்தக் குற்றத்துக்காகப் பிளஸ் டூ ரிவிஷன் தேர்வில், பிரெஞ்சுப் பாடத்தில், அவளுக்குப் பத்து மதிப்பெண்ணைப் பிடுங்கிக்கொண்டார்கள். 1996 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மறுநாள் இது நடந்தது.

அவள் படித்தது கோயம்புத்தூர் செயிண்ட் வரதராஜுலு மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளியில். வரதராஜுலு என்பவர் பஞ்சு வியாபாரம் செய்து, எழுபத்தெட்டாம் வயதில் சர்க்கரை நோயால் காலமானவர். அவருக்கு யாரும் புனிதர் பட்டம் கொடுக்கவில்லை. பெயருக்கு முன்னால் ‘செயிண்ட்’ இருந்தால் அட்மிஷன் நன்றாக நடக்கும் என்பதால், பள்ளித் தாளாளரான மகன் சுந்தரராஜுலு தன் சொந்தப் பொறுப்பில் அப்பாவைப் புனிதராக்கிவிட்டார்.

அந்தப் பள்ளியில் பிளஸ் ஒன்னிலிருந்து தமிழ் கிடையாது. தமிழில் நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கே இருநூற்றுக்கு நூற்று அறுபதுதான் வரும். பிரெஞ்சில் ஒன்றும் படிக்காத பிள்ளைக்கும் நூற்றுத் தொண்ணூற்றைந்து வரும் என்று பெற்றோர் கூட்டத்தில் சுந்தரராஜுலு விளக்கியிருந்தார். பெற்றோர்கள் கைதட்டினார்கள். பிரெஞ்சு வகுப்பறைச் சுவரில் ஈஃபில் கோபுரம் வரையப்பட்டிருந்தது. வரைந்த போர்டு பெயிண்டர் அசலைப் பார்த்ததில்லை என்பதால், கோவையின் கணபதி பகுதியில் போகிற உயர் அழுத்த மின்கோபுரத்தைப் பார்த்து வரைந்து, கம்பிகளை மட்டும் விட்டுவிட்டார்.

பிரெஞ்சுத் துறைத் தலைவர் கிருபாசங்கர் அதற்கு முன்பு அதே பள்ளியில் சுருக்கெழுத்து ஆசிரியராக இருந்தவர். அர்த்தம் தெரியாத கோடுகளைப் பிழையில்லாமல் எழுதும் பயிற்சி அவருக்கு ஏற்கெனவே இருந்ததால் துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வகுப்பில் யாரும் பிரெஞ்சு பேசியதில்லை. வினைச்சொல்லின் கடைசி எழுத்துகளை மட்டும் வாய்ப்பாடு மாதிரிக் கூட்டமாக ராகம் போட்டுச் சொல்வார்கள். “ஏ-ஐ-எஸ், ஏ-ஐ-எஸ், ஏ-ஐ-டி!” பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்துகிறவர் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

கலாமணியின் அப்பா நஞ்சுண்டன் கணபதியில் இரண்டு லேத் போட்டுப் பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறவர். மகள் நாலாம் வகுப்பில் இருக்கும்போது, அண்ணன் தம்பிகளுக்குள் தோட்டம் பாகம் பிரிந்து, தன் பங்கை விட்டுவிட்டு கோபியிலிருந்து வந்தவர். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. மகள் மதிப்பெண் அட்டையை நீட்டியபோது 189 என்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

“நூத்தி எண்பத்தொம்போதா? நல்ல மார்க்குத்தானே அம்மணி?”

“நூத்தித் தொண்ணூறுக்குக் கீழ போனா டி.சி. குடுத்துப்போடுவாங்கப்பா. ஸ்கூல் ஆவரேஜ் கெட்டுப்போயிருமாமா.”

அட்டையோடு ஒரு சுற்றறிக்கையும் இணைக்கப்பட்டிருந்தது. மாணவியின் நலன் கருதி, பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம் முன்னதாக, அவரைப் பள்ளியிலிருந்து விடுவிக்கப் போவதாக அதில் எழுதியிருந்தது.

என்ன தப்பு எழுதினாய் என்று நஞ்சுண்டன் கேட்டார். கலாமணி விடைத்தாளைப் பிரித்துக் காட்டினாள். ‘என் சிறு வயது’ என்று கட்டுரை. இம்பெர்ஃபெக்ட் டென்ஸில் எழுத வேண்டும்.

“இம்பெர்ஃபெக்ட்னா ரிஜெக்சன் பீசல்ல கண்ணு?”

“அது இல்லீங்கப்பா. பிரெஞ்சுல அம்பர்ஃபேம்பாங்க. ஒரு தடவ நடந்து முடிஞ்சதச் சொல்ல வேற வினை இருக்குது. இது தெனமும் நடந்துட்டு இருந்ததச் சொல்றதுக்கு. நாம வாய்க்கால்ல குளிச்சுட்டு இருந்தோம், நீங்க வாழைக்குத் தண்ணி கட்டிட்டு இருந்தீங்க. அந்த ‘இருந்தோம்’, ‘இருந்தீங்க’தானுங்க அது.”

அவள் எழுதியிருந்தது இது: ‘சிறு வயதில் நான் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வசித்து வந்தேன். என் அப்பா வாழை பயிரிட்டு வந்தார். தினமும் வாய்க்காலில் குளிப்போம். நான் கம்மஞ்சோறு சாப்பிடுவேன். அம்மா திட்டிக்கொண்டே இருப்பாள்.’ எல்லாவற்றையும் சேர்த்துக் குறுக்கே ஒரே கோடு போட்டு, ஓரத்தில் பெரிய பூஜ்யம் போட்டிருந்தது.

“இதுல என்ன பொய்யி இருக்குது?” என்றார் நஞ்சுண்டன்.

“ஒண்ணுமில்லீங்க. அதான் பிரச்சினை.”

மறுநாள் லேத்தை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். கிருபாசங்கர் அவரை உட்காரச் சொல்லிக் கைடைத் திறந்து காட்டினார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மாதிரிக் கட்டுரை இருந்தது. கீழே பென்சிலில் தமிழ் அர்த்தம் எழுதி வைத்திருந்தார்: ‘சிறு வயதில் நான் பாரீஸில் வசித்து வந்தேன். என் அப்பா இன்ஜினியராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரையில் உலாவுவோம். நான் பாலாடைக்கட்டி சாப்பிடுவேன். மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.’

“பாருங்க சார், கிளாசுல அறுபத்துநாலு பேரு. அறுபத்துமூணு பேரு சின்ன வயசுல பாரீஸ்ல இருந்திருக்கறாங்க. உங்க பொண்ணு ஒருத்தி மட்டும் கோபில இருந்தேன்னா எப்படிங்க? டிசிப்ளின்னு ஒண்ணு இருக்குதல்லங்க?”

“நாங்க நெசமாலுமே கோபிலதானுங்க சார் இருந்தோம்.”

“இருந்தேன்னு சொன்னா ஆச்சுங்களா? ப்ரூஃப் வேணுமல்லங்க.”

“பாரீஸ்ல இருந்த அறுபத்துமூணு பேருகிட்ட ப்ரூஃப் வாங்கிப்போட்டீங்களா சார்?”

கிருபாசங்கர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “அது அச்சுல வந்ததுங்க. அச்சுல வந்ததுக்கு எதுக்குங்க ப்ரூஃப்?”

நஞ்சுண்டன் ப்ரூஃப் வாங்கக் கிளம்பினார். இரண்டு பஸ் மாறித் தன் ஊருக்குப் போனார். கிராம நிர்வாக அலுவலர் அவரைத் தெரிந்தவர். டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் சான்றிதழ்ப் படிவத்தில் ‘வசித்து வருகிறார்’ என்றுதான் அச்சடித்திருந்தது. வசித்து வந்தவர்களுக்கு அரசாங்கத்தில் படிவமே இல்லை என்றார். பிறகு நஞ்சுண்டனின் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘வருகிறார்’ என்பதை அடித்து ‘வந்தார்’ என்று பேனாவால் எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டு, இரண்டு இடத்தில் சீல் வைத்துக் கொடுத்தார்.

கிருபாசங்கர் சான்றிதழைக் கையில்கூட வாங்கவில்லை.

“இது தமிழ்ல இருக்குதுங்க. பிரெஞ்சு டிபார்ட்மென்டுல தமிழ் டாக்குமென்ட் ஏத்துக்கறதில்லைங்க. பிரெஞ்சுல வாங்கிட்டு வாங்க.”

நஞ்சுண்டன் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது ஒரு இளம் ஆசிரியை அவரிடம் வந்து, “நீங்க கலாமணியோட அப்பாங்களா?” என்று கேட்டாள். அவள் பெயர் ஹபீபுன்னிசா. ஒன்பதாம் வகுப்புக்குப் பிரெஞ்சு எடுக்கிறவள். காரைக்காலில் பிறந்து, வீட்டிலேயே பிரெஞ்சு கேட்டு வளர்ந்து, கோட்டைமேட்டில் வாழ்க்கைப்பட்டவள். கலாமணிக்கு ஒன்பதாம் வகுப்பில் வினைச்சொற்களை அர்த்தத்தோடு சொல்லிக்கொடுத்து இந்தக் கஷ்டத்துக்குக் காரணமானவளும் அவள்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சான்றிதழைப் பிரெஞ்சில் அழகாக எழுதிக் கொடுத்தாள். நஞ்சுண்டன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

கிருபாசங்கர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கடைசியில் மேசை மேல் வைத்தார்.

“இதுல என்ன எழுதியிருக்குதுன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்? கூட ஒரு தமிழ்க் காப்பி வெச்சுக் குடுங்க.”

நஞ்சுண்டன் பையிலிருந்து பழைய சான்றிதழை எடுத்தார். அதைப் பார்த்ததும் கிருபாசங்கர் எழுந்து நின்று, விஷயம் தன் அதிகாரத்தை மீறிவிட்டது என்றும், விசாரணைக் குழு கூடும் என்றும் அறிவித்தார்.

குழு வெள்ளிக்கிழமை கூடியது. சுந்தரராஜுலு நடுவில் இருந்தார். அவருக்கு மேலே மாலை போட்ட படத்தில் செயிண்ட் வரதராஜுலு பஞ்சுக்குத் தரம் பார்க்கிற கண்ணோடு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நஞ்சுண்டனும் கலாமணியும் நின்றார்கள். துறையின் சார்பில் ஹபீபுன்னிசாவும் அழைக்கப்பட்டிருந்தாள். ஆமோதிப்பதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

“அம்மணி, நீ எழுதுனதுல கிராமர் தப்பு இருக்குதா?” என்று சுந்தரராஜுலு கலாமணியைக் கேட்டார்.

“இல்லீங்க சார்.”

“ஸ்பெல்லிங் தப்பு?”

“இல்லீங்க சார்.”

“அப்புறம் ஏம்மா உனக்கு மார்க்கு வரலை? யோசிச்சயா? தப்பே இல்லாம முட்டை வாங்கியிருக்கறீன்னா உம்பட மனசுல ஏதோ கோளாறு இருக்குதுன்னு அர்த்தம்.”

ஹபீபுன்னிசா எழுந்தாள். கலாமணி எழுதியது முழுக்கச் சரி என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கைடில் இருக்கும் மாதிரிக் கட்டுரைதான் தப்பு என்றும் சொன்னாள். முதல் வரியில் ‘ழாபித்தே’ என்கிற சொல்லின் கடைசியில் எஸ் என்ற எழுத்தை அச்சடித்தவர்கள் விட்டுவிட்டார்கள். எஸ் இருந்தால் வசித்து வந்தேன். இல்லாவிட்டால் அது வேறு வினை; ஒரு தடவை வசித்தேன், அதோடு முடிந்தது. அறுபத்துமூன்று பேரும் எஸ் இல்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள்.

சுந்தரராஜுலு கைடை இழுத்து அந்த வரியில் விரல் வைத்துப் பார்த்தார்.

“அந்த எஸ்சுக்கு என்னங்க சத்தம்?” என்று சுந்தரராஜுலு கேட்டார்.

“சத்தம் கிடையாது சார். சொல்ல மாட்டாங்க. எழுதணும்.”

“சத்தமே வராத எழுத்துக்காக அறுபத்துமூணு குடும்பத்த ஊரு மாத்தச் சொல்றீங்களா?”

கிருபாசங்கர் குறுக்கிட்டார். “சார், டிபார்ட்மென்ட் சார்பா ஒண்ணு சொல்றனுங்க. பப்ளிக் எக்சாம் பேப்பர் திருத்தறவங்களும் இதே கைடத்தான் வெச்சுத் திருத்தறாங்க. எஸ் போட்டா நம்ம பசங்க தனியாத் தெரிவாங்க. தப்பா இருந்தாலும் எல்லாரும் ஒரே மாதிரித் தப்பா இருந்தா அதுக்குப் பேருதான் சார் ஸ்டாண்டர்டு.”

சுந்தரராஜுலு இந்தக் கருத்தில் மனம் நெகிழ்ந்து பேசத் தொடங்கினார். அவர் பேச்சைக் குமாஸ்தா குறிப்பெடுத்துக்கொண்டார்.

“பத்து வருசமா இங்க பிரெஞ்சு நடத்தறோம். இந்த ஸ்கூல்ல படிச்ச ஒரு ஸ்டூடன்டாவது வெளிய போயி பிரெஞ்சு பேசினான்னு ஒரு கம்ப்ளெயின்டு வந்திருக்குதா? ஒண்ணு? நான் சவால் உடறேன். பெத்தவங்க நம்பிக்கை வெச்சுப் பிள்ளைகள அனுப்பறாங்க. அந்தப் பிள்ளைக எந்தப் பாசையாலயும் பாதிக்கப்படாம, மார்க்கோட ஊடு போயிச் சேரணும். அதுதான் எங்கப்பாவோட கனவு. அவரு ஏழாங்கிளாசு. கையெழுத்துப் போடுவாரு, படிக்க மாட்டாரு. அப்படிப்பட்ட மனுசன் பேருல நடக்கற ஸ்கூலுக்குள்ள வந்து ஒரு அம்மா அர்த்தம் சொல்லிக்குடுக்குது!”

தீர்ப்பு அரை மணி நேரத்தில் தட்டச்சாகி வந்தது. ஹபீபுன்னிசா, பிரெஞ்சுத் துறையின் உள் விவகாரங்களில் பிரெஞ்சைப் புகுத்தியதற்காக அன்றோடு வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். கலாமணிக்கு ஒரு வாய்ப்பு அளிக்கப்பட்டது. உறுதிமொழிக் கடிதத்தில் அவளும் அப்பாவும் கையெழுத்துப் போட்டால் பத்து மதிப்பெண்ணும் திரும்பக் கிடைக்கும், டி.சி. இல்லை. கடிதத்தில் மூன்று வாக்கியம் இருந்தது. ‘சிறு வயதில் நான் பாரீஸில் வசித்து வந்தேன். என் அப்பா இன்ஜினியராக இருந்தார். கோபிசெட்டிபாளையம் என்று நான் எழுதியது கவனக்குறைவு.’

நஞ்சுண்டன் நின்றுகொண்டே படித்தார். அந்த வாழைத்தோட்டத்தில் அவர் பதினாறு வயதிலிருந்து தண்ணீர் கட்டியிருக்கிறார். காற்றடித்துக் குலை தள்ளின மரமெல்லாம் சாய்ந்த வருடம் வரப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். பாகம் பிரித்தபோது ஒரு வார்த்தை சொல்லாமல் அதை விட்டுவிட்டு வந்தார். அப்போது நிலம்தான் போயிற்று. இப்போது அங்கே இருந்ததே இல்லை என்று எழுதிக் கேட்கிறார்கள். லேத்தில் ஒரு நூல் பிசகாமல் கடைகிறவர், பேனா மூடியைத் திறந்து, திரும்ப மூடினார்.

“நாம வேணா வேற எதாச்சும் பண்ணிக்கலாம் கண்ணு. டி.சி.ய வாங்கிட்டுப் போயிரலாம்” என்றார் தணிந்த குரலில்.

“போடுங்கப்பா” என்றாள் கலாமணி. அவள் கண் சிவந்திருந்தது. “எனக்கு பரீச்ச எழுதோணும்.”

போட்டார். கிருபாசங்கர் கடிதத்தை வாங்கிச் சரிபார்த்து, “ரொம்ப சந்தோசமுங்க, இன்ஜினியர் சார்” என்றார். அதைக் கேலியாகச் சொல்லவில்லை; கடிதத்தில் அப்படித்தான் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போய் நஞ்சுண்டன் சாப்பிடவில்லை. மறுநாள் மகளை மொபெட்டில் உட்காரவைத்து, கோட்டைமேட்டில் ஹபீபுன்னிசாவின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். வாசலில் நின்று கையைக் கூப்பினார். “எங்களால உங்க வேல போச்சுங்க. மன்னிச்சுப்போடுங்க” என்றார். ஹபீபுன்னிசா, வேலை போனதில் தனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, இனிமேல் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கலாம் என்று சொல்லி, கலாமணியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். பரீட்சை வரைக்கும் வாரத்துக்கு மூன்று சாயங்காலம் அவர் மகளைக் கூட்டிப்போனார்.

மார்ச்சில் பொதுத்தேர்வு வந்தது. அதே கட்டுரையைக் கேட்டார்கள். கலாமணி என்ன எழுதினாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முடிவு வந்த நாளில் செயிண்ட் வரதராஜுலு பள்ளி இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. அறுபத்துமூன்று பாரீஸ்காரர்களில் ஒருவர்கூட நூற்று எழுபதைத் தாண்டவில்லை. கலாமணிக்கு மட்டும் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. பெற்றோர்கள் கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள். கிருபாசங்கர் வெளியே வந்து அவர்களைச் சமாதானப்படுத்தினார்.

“பதட்டப்படாதீங்க. இந்த வருசம் ஒரு விபத்து நடந்துபோச்சுங்க. பேப்பரு பிரெஞ்சு தெரிஞ்ச ஆருகிட்டயோ போயிச் சேந்திருச்சு. இனிமே இப்படி நடக்காது.”

மூன்றாம் நாள் சுந்தரராஜுலு கணபதிக்கு வந்தார். கார் சந்துக்குள் நுழையாததால் இரும்புச் சுருள்களை மிதித்து நடந்து வந்தார். கையில் சால்வை இருந்தது, கூடவே போட்டோகிராபரும் வந்தார். கலாமணி தங்கள் துறையின் பயிற்சியால்தான் இந்த மதிப்பெண் பெற்றாள் என்று ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தார்.

“வாங்க, உக்காருங்க. காப்பி குடிங்க” என்றார் நஞ்சுண்டன். சுந்தரராஜுலு காப்பி குடித்தார். டம்ளரைக் கீழே வைத்ததும் கடிதத்தை நீட்டினார்.

“கையெழுத்து போட மாட்டனுங்க.”

“ஏனுங்க, போன தடவ போட்டீங்களே?”

“அதனாலதானுங்க போட மாட்டேங்கறன்.”

சுந்தரராஜுலு வருத்தத்தோடு போனார். ஆனால் கையெழுத்து இல்லாததால் கல்வி நின்றுவிடவில்லை. ஜூன் மாதத்தில் பள்ளியே ஒரு கைடு வெளியிட்டது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் மாற்றப்பட்டிருந்தது. எஸ் எல்லாம் இருந்தது. ‘சிறு வயதில் நான் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வசித்து வந்தேன். என் அப்பா வாழை பயிரிட்டு வந்தார்.’ அந்த வருடப் பிளஸ் டூவில் எழுபத்தோரு பேர். டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளும், ஏசி அறையில் உட்கார்ந்து, தாங்கள் கம்மஞ்சோறு சாப்பிட்டதையும் அம்மா திட்டிக்கொண்டே இருந்ததையும் மனப்பாடம் செய்தார்கள். கலாமணி அப்போது இன்ஜினியரிங் கல்லூரி விடுதியில் இருந்தாள். விஷயம் கேள்விப்பட்டு அப்பாவுக்குப் போன் செய்தபோது சிரித்தாள். நஞ்சுண்டனுக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம், ஒருவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். கசங்கிய சட்டைப் பையில் மடித்த தாள் தெரிந்தது.

“ஏனுங்க, நஞ்சுண்டனுங்கறது நீங்களா? எம்பேரு தம்பிதுரைங்க. கொடுமுடி.”

லேத் சத்தத்தில் நஞ்சுண்டனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பக்கத்தில் வந்தார். தம்பிதுரை தாளைப் பிரித்துக் காட்டினார். பிரெஞ்சு எழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் ஒரு பூஜ்யம்.

“நாங்க கொடுமுடில பாத்திரக்கடை வெச்சிருந்தோமுங்க. போன வருசந்தான் இங்க வந்தது. எம்பொண்ணு வரதராஜுலு ஸ்கூல்ல பிளஸ் டூ; கோட்டமேட்டுல ஒரு டீச்சர்கிட்ட ட்யூசன் போறா. சின்ன வயசுல ஆத்தங்கரைல இருந்தோம், அப்பா பாத்திரம் வித்துட்டு இருந்தாருன்னு உள்ளத எழுதியிருக்கறா. எல்லாரும் கோபில இருந்திருக்கறப்ப நீ மட்டும் எப்படிக் கொடுமுடில இருப்பீன்னு கேக்கறாங்க. நான் வாழை வெச்சிருந்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாமா. சாயங்காலம் நாலு மணிக்குள்ள.”

நஞ்சுண்டன் குனிந்து அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தார்.

“அந்த டீச்சரம்மாதான் உங்க பேரச் சொல்லுச்சுங்க. நீங்க போட்டீங்களாமா. எப்படிங்க போட்டீங்க? எனக்குக் கை வரமாட்டேங்குது. அதத்தான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

 நஞ்சுண்டன் சுவிட்சை அணைத்தார். பெல்ட் ஓய்ந்து நிற்கும் வரை காத்திருந்து, கையில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை வேஷ்டித் துண்டில் துடைத்தார். வெள்ளைச் சட்டையைத் தேடவில்லை.

“நான் போட்டது தப்புங்க. நீங்க போடாதீங்க” என்றார். “வாங்க, போலாம்.”

மொபெட் பள்ளிக் கேட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்றரை. வாட்ச்மேன் டோக்கன் வாங்கச் சொன்னான். அவர்கள் வாங்கவில்லை. தாளாளர் அறைக்கு வெளியே, உள்ளே வருவதற்கு முன் அனுமதி பெறவும் என்று எழுதியிருந்தது. நஞ்சுண்டன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஒரு நாற்காலியை இழுத்துத் தம்பிதுரையை உட்காரவைத்தார். இன்னொன்றில் தான் உட்கார்ந்தார். சுந்தரராஜுலு போனில் பேசிக்கொண்டிருந்தவர், அவருடைய கறுத்த கையையும் அது மேசைக் கண்ணாடியில் பதித்த ஐந்து விரல் தடத்தையும் பார்த்தார்.

“போன வைங்க” என்றார் நஞ்சுண்டன். “ஆரு எங்க குடியிருந்தாங்கன்னு இன்னிக்குப் பேசி முடிச்சுப்போடலாம்.”